குதிரை மருந்து

மலையூரான நரினில் குதிரை வைத்தியர் சகினாலியைத் தெரியாதவர் இல்லை. எலும்பில் புற்றுநோய் இறங்கிய பிறகு மனிதர் படுத்த படுக்கையாகிவிட்டார். வலிக்குப் போட்ட மார்ஃபின் ஆரம்பத்தில் நன்றாகவே கேட்டது. பிறகு கூட்டினார்கள், மறுபடியும் கூட்டினார்கள். கடைசியில் தூங்கி வழிந்தாரே தவிர வலி குறையவில்லை. கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. போர்வை பட்டாலே அலறினார்.

வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் டாக்டர் புருல்ச்சா வந்தாள். வெகுநேரம் அவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அவர் மனைவி ஜூராகானிடம் திரும்பினாள்.

"அக்கா, மார்ஃபினைப் பாதியாக் குறைக்கப் போறேன்."

"குறைக்கவா? இருக்கறதுக்கே இந்தக் கத்து கத்துறாரு! உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா?"

"இருக்குக்கா. உடம்பு மருந்துக்குப் பழகிப்போச்சு. இனி கூட்டினா நரம்பே வலியை இன்னும் பெரிசாக் காட்டும். கூடவே வேற ஒரு மருந்து கொஞ்சூண்டு தர்றேன். அது அந்தப் பழக்கத்தை இறக்கும். அப்புறம் கொஞ்ச மார்ஃபினே கேட்கும்."

"என்ன மருந்து?" கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"கெட்டமின், அண்ணே."

சகினாலி கண்ணைத் திறந்தார். "அடிப்பாவி! பொலிகுதிரையப் படுக்க வைக்க நான் போட்டதாச்சே! எனக்கும் காயடிக்கப் போறியா?"

"குதிரைக்குப் போட்டதுல துளிதான் உங்களுக்கு. கத்தி கொண்டு வரல, பயப்படாதீங்க."

அவர் சிரிக்கப் பார்த்து, வலியில் பல்லைக் கடித்தார். "ஜூரா, சரின்னு சொல்லு. எல்லாரும் கூட்டத்தான் செஞ்சாங்க. குறைக்கத் துணிஞ்சவ இவ ஒருத்திதான்."

ஜூராகான் அரைமனதாகத் தலையாட்டினாள்.

ஊசி போட்ட டாக்டர் கிளம்பவில்லை. கம்பளத்தில் உட்கார்ந்து மூச்சையும் நாடியையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். மதியம் சகினாலி உத்தரத்தையே வெறித்தார்.

"மேல குதிரை மேயுது."

ஜூராகான் சட்டென்று டாக்டரின் கையைப் பிடித்தாள். டாக்டர் பதறவில்லை. "இந்த மருந்து சிலருக்கு இப்படிக் காட்டும்க்கா, போயிடும்," என்றவள் அவர் பக்கம் குனிந்தாள். "உதைக்குதா அண்ணே?"

"இல்ல. நல்ல ஜாதி."

"அப்ப மேயட்டும்."

வெளியே டாக்டரைக் கூட்டிவந்த ஓட்டுநர் ஹாரன் அடித்தார். டாக்டர் அசையவில்லை. "போகலாமே, உங்களுக்கும் வீடு வாசல் இருக்குல்ல," என்றாள் ஜூராகான்.

"குறைச்சது நான். வலிச்சா நான்தானே பக்கத்துல இருக்கணும்?"

அந்தப் பதிலுக்குப் பிறகு ஜூராகான் அவளை 'நீங்க' என்று அழைக்கவில்லை; 'தங்கச்சி' என்றாள்.

அடுத்த சில நாளும் டாக்டர் வந்து அளவைச் சரிபார்த்தாள். உடம்பு இழுப்பது நின்றது. வலி அடியோடு போகவில்லை. நோயும் போகப்போவதில்லை என்று சகினாலிக்குத் தெரியும். ஆனாலும் ஒரு காலையில் தானே புரண்டு படுத்து, ஆட்டுக்கறிச் சூப்பு கேட்டார். குடித்ததும், நொண்டும் பெண்குதிரையோடு வாசலில் நின்ற பக்கத்துவீட்டுக்காரனைச் சன்னல் வழியே பிடித்துக்கொண்டார்.

"காலைத் தூக்கிக் காட்டுடா! அது இல்ல மடையா, பின்னங்கால்! எவன்டா இந்த லாடத்த அடிச்சது?"

அடுப்படியில் நின்ற ஜூராகான், அந்தத் திட்டு முடியும்வரை கரண்டியைக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.