குடிபூரலுக்குப் போன றோல்ஸ்

நான் என்ன செய்தேன்? முள்ளுக்கரண்டியைக் கையில் எடுத்தேன். கீழே வை என்றார் முதலாளி. வைத்தேன். வைக்காமல் நின்றிருக்க வேண்டுமா? நின்றிருந்தால் அன்றைக்கே போ என்றிருப்பார்.

மனதுக்குள் இப்படிக் கேட்டுக்கொண்டிருந்தாலும் ஜென்சியின் கைகள் நிற்கவில்லை. மெல்லிய மாத்தோசையை விரித்து, கிழங்கும் ஆட்டிறைச்சியும் சேர்ந்த கறியை நடுவில் வைத்து, ஓரங்களை மடித்துச் சுருட்டி, றஸ்க் தூளில் புரட்டித் தட்டில் அடுக்கினாள். வில்லரேயில் இருந்த அந்தச் சாப்பாட்டுக்கடையின் சமையலறைக்குச் சன்னல் கிடையாது. சுவரில் எண்ணெய் ஆவி பழுப்பாகப் படிந்திருந்தது. முன்பக்கத்தில் சனிக்கிழமைக் கூட்டம் இரைந்துகொண்டிருந்தது.

அடுப்படியில் பொரித்துக்கொண்டிருந்த சிவநேசம் தன் போனை மா வாளியில் சாய்த்து வைத்திருந்தாள். அதில் ஓடிய வீடியோவில், நேற்று றோல்ஸ் வாங்கிய பெண் மறுபடியும் பேசத் தொடங்கினாள். பின்னால் புரோசார்டில் வாங்கிய புது வீட்டின் வெள்ளைச் சுவர். கையில் கடித்த றோல்ஸ்.

“பாருங்கோ சனங்களே! வெள்ளிக்கிழமை, எங்கட குடிபூரல். மரக்கறி எண்டு குடுத்தவை. ஐயர் இருக்கேக்க உள்ளுக்க ஆட்டெலும்பு! எங்கட வீடே தீட்டாப் போச்சு.”

“இதுக்குக் கீழ எழுதியிருக்கிறதுகளைக் கேளன்,” என்றாள் சிவநேசம். “ஒருத்தன் கடையைக் கொளுத்தட்டாம். இன்னொருத்தருக்குப் போன வருசம் வாங்கின பற்றிஸின்ர கோவம் இன்னும் ஆறேல்லை. ரொறொன்ரோவில றோல்ஸ் முழங்கையளவு நீட்டமாம், விலையும் பாதியாம். அப்ப அங்க போய்த் தின்னன்ரா, ஆர் மறிச்சது?”

ஜென்சிக்குச் சிரிப்பு வரவில்லை.

மரக்கறி றோல்ஸின் ஒரு முனையில் முள்ளுக்கரண்டியால் அழுத்திக் கோடு போடுவது அந்தக் கடை வழக்கம். பொரித்த பிறகு எல்லாம் ஒரே நிறம். கோடு ஒன்றுதான் அடையாளம். நேற்றுக் காலை குடிபூரலுக்கும், அஹுன்ட்சிக்கில் ஒரு பிறந்தநாளுக்கும், ஒரு கந்தோரில் வேலை செய்பவர்களின் சாப்பாட்டுக்கும் ஒரே நேரத்தில் கொடுக்க வேண்டியிருந்தது. எல்லாருக்கும் பதினொரு மணிக்கு, எல்லாருக்கும் சுடச்சுட. முதலாளி பேரின்பநாதன் எல்லாருக்கும் ஓம் என்று சொல்லியிருந்தார். முடியாது என்றால் அதற்கும் இணையத்தில் ஒரேயொரு நட்சத்திரம் போட்டுக் குறை எழுதுவார்கள். சமையலறையில் இரண்டு பெண்கள்.

“கோடு கீறிக்கொண்டு நிக்காத பிள்ளை. தட்டை வேற வேறயா வைப்பம், காணும்,” என்றார். பிறகு அவசரத்தில் இரண்டு தட்டையும் ஒரே சூட்டுப் பெட்டிக்குள் கொட்டியவரும் அவர்தான். பக்கத்தில் நின்று ஜென்சி பார்த்தாள். சிவநேசமும் பார்த்தாள்.

பேரின்பநாதன் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். கண்கள் சிவந்திருந்தன. கையில் போனும், மகள் படம் எடுக்க வைத்திருக்கும் வட்ட விளக்கும்.

“பிள்ளை, ஒரு நிமிச வேலை. இதில வந்து நில்லு.”

“என்னண்ணை?”

“நீதான் தவறுதலா மாத்தி வைச்சனி எண்டு சொல்லு. மன்னிச்சுக்கொள்ளுங்கோ எண்டு கும்பிடு. அவ்வளவுதான்.”

ஜென்சி கையில் ஒட்டியிருந்த மாவைத் தேய்த்தாள். “நான் மாத்தேல்லையே அண்ணை.”

“எனக்குத் தெரியாதே? நான் சொன்னா இந்தச் சனம் கடையை இழுத்து மூட வைச்சிடும். நீ வேதக்காரப் பிள்ளை. எங்கட வெள்ளிக்கிழமை, விரதம் ஒண்டும் தெரியாமச் செய்துபோட்டன் எண்டு சொன்னா, பாவம் எண்டு விட்டிடுவினம்.”

வெள்ளிக்கிழமை எனக்குத் தெரியாதா? தவக்காலத்து வெள்ளி ஒன்றிலாவது இறைச்சி தொட்டிருப்பேனா? நாளைக்குத் தேவாலயப் பூசையில் எல்லார் கையிலும் போன் இருக்கும். மன்னாரில் அம்மாவும் பார்ப்பாள். என் மனுசன் பேனாட் பார்ப்பார். பண்டகசாலை வேலையில் முள்ளந்தண்டு விலகிய பிறகு கட்டிலில் கிடந்து போன்தானே பார்க்கிறார்.

“அக்கா, நீங்களும் நிண்டனீங்கள்தானே,” என்று ஜென்சி திரும்பினாள்.

சிவநேசம் பொங்கும் எண்ணெயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போனை எப்போது அணைத்தாளோ தெரியவில்லை.

பேரின்பநாதனின் போன் அடித்தது. அவர் குரல் உடனே இனித்தது. “ஓம் தங்கச்சி, சொல்லுங்கோ. நாளைக்கோ? மரக்கறியும் ஆடும் கலந்து... பதினொரு மணிக்கா? ஓமோம். சுடச்சுட வரும், யோசிக்காதேங்கோ.”

போனை வைத்துவிட்டு ஜென்சியின் பக்கம் திரும்பினார். “பிழை விட்ட ஆளை வேலையால நிப்பாட்டினியா எண்டு கேக்குதுகள் பிள்ளை. நீ சொன்னா நான் நிப்பாட்டமாட்டன். சொல்லாட்டி உன்னைத்தான் நிப்பாட்ட வேணும். உன்ர வீட்டுக்காரனையும் யோசி.”

இந்த வேலை போனால் அவள் வீட்டுக்குள் வேறு சம்பளம் வராது.

அவர் விளக்கைப் போட்டு, போனைத் தூக்கிப் பிடித்தார். வெள்ளை வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது. “தொடங்கு. நான் ஜென்சி, நான்தான் மாத்தி வைச்சனான்.”

வாயைத் திறந்தாள்.

“மாட்டன் அண்ணை,” என்றாள். பக்கத்தில் நின்ற சிவநேசத்துக்கே அது சரியாகக் கேட்டிருக்காது.

சொல்லிவிட்டு வெளிச்சத்தை விட்டு ஓரடி விலகி நின்றாள். போன் பழுப்பேறிய சுவரைப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. முன்பக்கத்தில் யாரோ மேசை மணியை விடாமல் அடித்தார்கள்.