பின்பக்கத்துச் சந்தனம்

சுவிட்சைத் தட்டியதும் கடை முழுக்க இருட்டாகிவிட்டது. ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை. ஜாலான் புசார் சாலையில் இருக்கும் எங்கள் தையற்கடையில் தீபாவளி ரவிக்கைகள் மலையாகக் குவிந்து கிடக்கின்றன. புது எம்ப்ராய்டரி மெஷினைப் போட்டதும்தான் பிரேக்கர் விழுந்தது. அதில் உட்காருகிறவள் தாரணி, போன மாதம்தான் வேலைக்கு வந்தவள். வருடக்கணக்காகக் காஜா எடுத்துத் தேய்கிற எனக்குப் பழைய மெஷின், அந்த மேனாமினுக்கிக்குப் புதுசு. வயிறு எரியாமல் என்ன செய்யும்? விளக்கு அணைந்ததும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான்.

முதலாளி சரசு அக்கா பக்கத்து ஹார்ட்வேர் கடை காதர் மைதீன் பாயைக் கூட்டிவந்தார். பாய் பிரேக்கரைத் தூக்கிவிட்டு, மெஷினிலிருந்து வயரைக் கழற்றி, அதை மட்டும் சுவரில் மாட்டிப் பார்த்தார். இந்த முறை பிரேக்கர் விழவில்லை, விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

"வயர் ஓகே லா. கோளாறு மெஷின்லதான்."

வயரை உருவி ஓரம் வைத்துவிட்டு, மெஷினின் பின்னால் வயர் செருகும் குழியில் மீட்டரின் முனைகளை வைத்தார். சும்மா இருக்க வேண்டிய மீட்டர் எண் காட்டியது.

"கரண்ட் எர்த்துக்குப் போவுது." டார்ச் அடித்து எட்டிப் பார்த்தவர் சிரித்தார். "யாரும்மா இதுக்குள்ள சந்தனத்த அப்பினது? இன்னும் ஈரமா இருக்கு."

நேற்று பூஜையில் மெஷினின் முன்பக்கம் தாரணி அழகாக ஒரு பொட்டு வைத்துவிட்டாள். சீனியர் நான் இருக்க இவள் யார் என்று கிண்ணத்தைப் பிடுங்கி, மிச்சத்தையெல்லாம் பின்பக்கம் அப்பியது நான். பார்த்தவள் தாரணி மட்டும்தான்.

"யாரு பண்ணது?" சரசு அக்காவின் குரல் கறாராக இருந்தது. "பண்ணவங்க இனிமே இந்த மெஷின் பக்கமே போவேணாம்."

தாரணி என்னைப் பார்த்தாள். சொல்லிவிடுவாள், தொலைந்தோம் என்று நினைத்தேன்.

"நான்தான்க்கா," என்றாள்.

நல்லவள் என்கிற பெயரையும் இவளே தட்டிக்கொண்டு போகிறாளே என்று அப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வந்தது.

பாய் அந்தக் குழியைக் கழற்றி, துடைத்து, காயவைத்து மாட்டினார். மெஷின் ஓடியது.

"அனிதா, நீ உக்காரு," என்றார் அக்கா.

தாரணி என் பழைய மெஷினுக்குப் போனாள். போகுமுன் எனக்காக ஊசியில் நூல் கோத்து வைத்துவிட்டுத்தான் போனாள். உட்கார்ந்தேன். ஸ்டூல் அவள் உயரத்துக்கு இருந்தது. கண்ணுக்கு நேரே அவள் வைத்த பொட்டு, காய்ந்தும் உதிராமல் இருந்தது. சுரண்டிவிடலாம் என்று விரலைக் கொண்டுபோனேன். என் நகக்கண்ணில் நேற்றைய சந்தனம் இன்னும் ஒட்டியிருந்தது.