நாகஜோதிக்கு விழாத ஒரு ஓட்டு

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. அதை மறைக்கத்தான் முதல் வரைவில், ஏதோ ஒரு வெளிநாட்டு மாநிலத்தின் பெண் ஆளுநர் மறுபடியும் தேர்தலில் நிற்பதாக எழுதினேன். நான்காம் பக்கத்தில் அந்த அம்மாள் எங்கள் தோட்டத்தில் நின்று சம்பங்கி பறிக்க ஆரம்பித்துவிட்டாள். கிழித்துப் போட்டேன்.

2

அவள் பெயர் நாகஜோதி. என் கொழுந்தனின் மனைவி. ரெட்டியார்சத்திரம் பக்கம் எங்கள் ஊராட்சிக்கு ஐந்து வருடம் தலைவி, மறுபடியும் நின்றாள். முதல் தடவை மாமனார் நாச்சிமுத்துதான் முடிவு செய்தார். "பெரியவ புஸ்தகமும் கையுமா இருப்பா. சின்னவளே நிக்கட்டும்."

அவள் பத்தாவது. நான் எம்.ஏ. (இதைச் சொல்லாமல் ஒரு கதையாவது எழுதிவிட வேண்டும்.) இந்தத் தடவை பிரசார நோட்டீஸ் முழுக்க நான் எழுதியது. அதை அக்கா எழுதியது என்று அவள் யாரிடமும்—

[இல்லை. சொன்னாள். போன தெருவிலெல்லாம் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.]

3

அவள் சின்னம் பூட்டு சாவி. எதிர்த்து நின்ற ஷைனிக்கு ஏணி.* நான் ஏணியில் குத்தினேன். கை நடுங்கியது என்று எழுதினால் நன்றாக இருக்கும். நடுங்கவில்லை.

*ஷைனியிடம் நான் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை.

4

நானூறு ஓட்டு வித்தியாசத்தில் நாகஜோதி ஜெயித்தாள். எங்கள் வார்டில் எல்லாரும் சொந்தக்காரர்கள். அங்கே ஏணிக்கு ஒரே ஒரு ஓட்டு.

மாலையோடு வந்து நின்றவளை மாமனார் கவனிக்கவே இல்லை. "கூடவே சுத்திக்கிட்டு யாரோ கழுத்தறுத்திருக்காக. யாருன்னு தெரிஞ்சாகணும்" என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். என் முகத்தில் நின்றார்.

"அது நாந்தான் மாமா" என்றாள் நாகஜோதி. "பதட்டத்துல மாத்திக் குத்திட்டேன். வெளிய சொல்லிராதீக, சிரிப்பாக."

வீடே சிரித்தது.

"குடுங்கக்கா, செத்த நேரம் உக்காருங்க. காபி நான் போடுறேன்." என் கையிலிருந்த டம்ளர்களை வாங்கிக்கொண்டு போனாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

5

கதையை இங்கேயே முடித்திருப்பேன். அவளுக்குத் தெரிந்திருக்கிறது, என்னைக் காப்பாற்றினாள் என்று. ஆனால் நேற்று வாக்கு எண்ணிக்கை விவரத்தைப் பார்த்தேன். எங்கள் வார்டில் செல்லாத ஓட்டும் ஒன்று இருந்திருக்கிறது.

முத்திரை கோட்டின் மேல் பட்டிருந்தால் அது என்னுடையதாக இருக்கலாம். அப்படியானால் ஏணிக்கு விழுந்த ஒன்று அவளுடையது, அவள் சொன்னது நிஜம். என் துரோகம் கணக்கிலேயே வரவில்லை.

இரண்டில் எது நடந்திருந்தாலும் ஜெயித்தவள் அவள்தான். கேட்டுவிடலாம், அடுத்த அறையில்தான் இருக்கிறாள்.

நீங்கள் வேண்டுமானால் கேளுங்கள். நான் கேட்க மாட்டேன்.