கடைசிக் குச்சி

திங்கட்கிழமை காலையில் ஒஸ்வால்தோ வலது கண்ணைக் கசக்கிக்கொண்டு அடுப்படிக்கு வந்து நின்றபோது, நேலிதா ரொட்டியை இரண்டாகக் கீறிக்கொண்டிருந்தாள். "இதைக் கொஞ்சம் பாரு கறுப்பி, ஏதோ உறுத்துது" என்று முகத்தைக் குனிந்து காட்டினான். மேல் இமையின் ஓரத்தில் மிளகு அளவுக்குச் சிவப்பாக ஒரு கட்டி. நேலிதாவின் கை கத்தியோடு அப்படியே நின்றுவிட்டது. வேறு ஊரில் ஒருவனுக்குக் கண்கட்டி வந்தால் வெந்நீர் ஒத்தடம் கொடுத்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். கயாவோ துறைமுகத்துக்காரர்கள் அப்படியில்லை. வயிற்றில் பிள்ளை இருப்பவள் ஆசைப்பட்டுக் கேட்டதை இல்லை என்று சொன்னவனுக்குத்தான் கண்ணில் கட்டி வரும் என்பது இங்கே நடக்கத் தெரிந்த குழந்தைக்கெல்லாம் தெரியும். டாக்டரே வந்து வேறு காரணம் சொன்னாலும் மரியாதைக்குத் தலையாட்டுவார்கள், அவ்வளவுதான்.

"தூசி விழுந்திருக்கும்" என்றாள்.

"தூசியா?" என்று சிரித்தான் ஒஸ்வால்தோ. சிரித்துவிட்டு, ரொட்டியை மடித்து வாயில் திணித்துக்கொண்டு, தன் பஞ்சர் கடையைத் திறக்கப் போய்விட்டான். அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றதை அவள் கவனித்தாள்.

அவன் யாருக்கு இல்லை என்றான் என்று அவள் யோசிக்க வேண்டியதே இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் பின்கட்டு முற்றத்தில் அந்திகூச்சோ என்கிற இறைச்சிக்குச்சி சுட்டார்கள். லாரிச் சக்கரத்தின் பழைய இரும்பு வளையம்தான் அவர்கள் வீட்டு அடுப்பு. ஒஸ்வால்தோ அதற்குக் கால் பற்றவைத்து மேலே கம்பிவலை போட்டிருந்தான். மாட்டு இதயத்தைக் கழுவி, நரம்பெடுத்து, துண்டு போட்டு, சிவப்பு மிளகாய் விழுது, பூண்டு, சீரகம், வினிகர் எல்லாம் போட்டு முதல்நாளே ஊறவைத்தது நேலிதா. ஆனால் குச்சியில் கோத்து, சோளமட்டையைக் கிழித்துக் கட்டிய தூரிகையால் எண்ணெய் தடவித் தடவித் திருப்பிப் போட்டவன் சமைத்தவன் ஆகிவிட்டான். ஆண்கள் சமையலின் இலக்கணம் அது. வீட்டில் மூன்றே பேர். வயிறு முட்டத் தின்று முடித்தபோது வலைமேல் ஒரே ஒரு குச்சி மிஞ்சியது. "அப்பா, அது எனக்கு" என்று மகள் ஃபியோரெலா கை நீட்டினாள். அதே நேரத்தில் நேலிதாவும், "பாதி எனக்குக் குடு குண்டா" என்றாள். "அப்ப சுட்டவனுக்கு ஒண்ணுமில்லையா?" என்று சொல்லி, இருவரும் பார்க்கப் பார்க்கவே குச்சியைப் பல்லுக்கிடையில் வைத்து ஒரே இழுப்பாக இழுத்துவிட்டான். மூவரும் சிரித்தார்கள். ஒரு துண்டு இறைச்சிக்காக நேலிதாவுக்குக் கண் கலங்கியது. புகை என்று சொல்லித் துடைத்துக்கொண்டாள்.

கேட்டது இரண்டு பேர். கட்டி ஒன்று. கணக்கு எங்கே போய் முடியும் என்று தெரியாமல் நேலிதா அடுப்பை அணைக்கவும் மறந்து உட்கார்ந்திருந்தாள்.

அவளுக்கு நாற்பத்தைந்து வயது. மே மாதக் கடைசியில் மாதவிலக்கு வந்தது, அதற்குப் பிறகு வரவே இல்லை. முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது, ஒரு தொல்லை விட்டது என்று. பிறகு ராத்திரியில் போர்வையை உதறிவிட்டு வியர்த்துக்கொண்டு கிடந்தாள். மாதவிலக்கு முடியப் போகிறவளுக்கும் அப்படித்தான் வியர்க்கும் என்றார்கள். ஃபியோரெலாவைச் சுமந்தபோதும் அவளுக்கு அப்படித்தான் வியர்த்தது. உடம்பு ஒரே குரலில் இரண்டு செய்தி சொன்னால் மனுஷி எதை நம்புவது? பிள்ளையாக இருந்தால் தெருவே சிரிக்கும். பள்ளிக்கூட வாசலில் அவளைப் பாட்டி என்பார்கள். ஆனால் நினைக்கும்போதே நெஞ்சுக்குள் ஏதோ இனித்தது, அந்த இனிப்புக்காகவே தன்மேல் எரிச்சல் வந்தது. பிள்ளை இல்லை என்றால் எல்லாம் முடிந்தது என்று அர்த்தம். அதை நினைத்தால் அழுகை வந்தது. ஆக எந்தப் பதிலும் அவளுக்கு வேண்டாம்.

வேண்டாம் என்று நினைத்தவள்தான் போன வாரம் பஸ் ஏறிப் போய், தன்னைத் தெரிந்தவர்கள் யாரும் வராத ஒரு மருந்துக்கடையில், கர்ப்பம் பார்க்கும் பெட்டி ஒன்று வாங்கினாள். தெரு முனைக் கடையில் வாங்கினால் அவள் வீடு வந்து சேர்வதற்குள் சேதி வந்து சேர்ந்துவிடும். கடைப்பெண் பெட்டியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே, "பொண்ணுக்கா அம்மா?" என்று கேட்டாள். நேலிதாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "ஆமா, பொண்ணுக்கு" என்று சொல்லிவிட்டாள். வீட்டுக்கு வந்து, காய்ந்த சோளம் வைத்திருக்கும் பால்மாவு டப்பாவின் அடியில் பெட்டியைப் புதைத்தாள். ஒஸ்வால்தோவுக்கு அந்த டப்பா இருக்கும் இடமே தெரியாது. ஃபியோரெலா பள்ளியில் படிக்கும்போது வறுத்த சோளத்தைக் கடித்துப் பல் உடைந்ததிலிருந்து சோளத்தின் பக்கமே போவதில்லை. அங்கே அது பத்திரமாக இருந்தது. எடுத்துப் பார்க்கத்தான் துணிவில்லை.

இப்போது அந்தப் பொய் நினைவுக்கு வந்தது. பொண்ணுக்கு என்று தன் வாயாலேயே சொன்னாளே. ஃபியோரெலாவுக்கு இருபது வயது. செல்போன் கடையில் வேலை பார்க்கிறாள், அடுத்த மாதம் நர்ஸ் படிப்பு தொடங்கப் போகிறது. வெள்ளை உடுப்புகூடத் தைத்து வந்தாகிவிட்டது. நெத்திலிப் படகில் போகும் எடேர் என்ற பையனோடு சுற்றினாள், அவன் படகோடு வடக்கே போனதிலிருந்து அவன் பேச்சையே எடுப்பதில்லை. கொஞ்ச நாளாகச் சோர்ந்து சோர்ந்து தூங்குகிறாள். காப்பியைக் கண்டால் மூக்கைச் சுளிக்கிறாள். இதெல்லாம் நேற்றுவரை வெறும் சோம்பலாகத்தான் தெரிந்தது.

மீன் சந்தையில் மீன்காரி இர்மா கத்தியைத் தீட்டிக்கொண்டே காத்திருந்தாள். ஒஸ்வால்தோ கடைக்குப் போகும் வழி அவள் மீன்பலகைக்கு முன்னால்தான் போகிறது.

"ஏண்டி நேலிதா, உன் புருஷன் கண்ணு அழுகின தக்காளி மாதிரி இருக்கே! எந்த வயித்துக்குடா இல்லேன்னு சொன்னேன்னு கேட்டேன். பதிலே சொல்லாம ஓடிட்டான்."

"நீதான் ஏதாச்சும் கேட்டிருப்பே."

"நானா? என் கடையை இழுத்து மூடிப் பூட்டிச் சாவியையும் கடல்ல போட்டாச்சு." சுற்றியிருந்த மீன்காரிகள் எல்லோரும் சிரித்தார்கள். இர்மா கொர்வினா மீன் தலைகளைக் காகிதத்தில் சுருட்டிக்கொண்டே நேலிதாவைக் கண்ணால் ஒருமுறை அளந்தாள். "வீட்ல யாரும் இல்லேன்னா வெளியே தேடு. ஆம்பளை டயரை மட்டும்தான் கழட்டுறான்னு நினைச்சியா?"

நேலிதாவும் கூடச் சேர்ந்து சிரித்தாள். சந்தையில் சிரிக்காவிட்டால் அடுத்த கேலி அதைவிட மோசமாக வரும். ஆனால் வீட்டுக்கு நடக்கும்போது விரல் மடக்கி எண்ணினாள். தான், மகள், இப்போது மூன்றாவதாக முகம் தெரியாத ஒருத்தி. அந்த மூன்றாமவளை நம்ப வேண்டும் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அவள் இருந்துவிட்டால் ஃபியோரெலா தப்பித்துவிடுவாள், தானும் தப்பித்துவிடலாம். புருஷன் கெட்டவனாக இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொள்கிற பெண்டாட்டி உலகத்திலேயே தான் ஒருத்தியாகத்தான் இருக்கும் என்று நினைத்து, நடுத்தெருவில் நின்று தலையை உதறினாள். வானம் ஒரே சாம்பலாகக் கிடந்தது. தூறல் முகத்தில் ஒட்டியது.

மதியம் ஒஸ்வால்தோ சாப்பிட வந்தபோது கண் பாதி மூடியிருந்தது. கையில் பிளாஸ்டிக் பையில் சுற்றிய மாட்டு இதயம். அதை மேசைமேல் வைத்தான்.

"இன்னைக்கு சாயங்காலம் இந்தக் கண்ணுக்கு ஒரு முடிவு கட்டிடலாம்" என்றான். "குடுக்க வேண்டியதைக் குடுத்துட்டா இறங்கிடும்."

நேலிதாவுக்கு அதற்குமேல் அடக்க முடியவில்லை. "வெளியே யாருக்காச்சும் இல்லேன்னு சொன்னியா?"

அவன் நல்ல கண்ணால் அவளை வெகுநேரம் பார்த்தான். கோபப்படுவான் என்று நினைத்தாள். அவன் கோபப்படவில்லை. "வெளியே எங்கிட்ட யாரும் எதையும் கேக்கல, கறுப்பி. இந்த வீட்லதான் கேட்டாங்க." கை கழுவப் போனவன் தண்ணீர்க்குழாயைத் திறக்காமலே நின்று, முதுகைக் காட்டியபடி சொன்னான்: "ரெண்டு பேரு கேட்டாங்க."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தாள். "வினிகர் தீந்துபோச்சு" என்றாள். அவன் தலையை ஆட்டிவிட்டு, வாங்கி வருகிறேன் என்று கிளம்பிப் போனான். பயந்துபோயிருக்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. எதைக் கண்டு பயம் என்றுதான் தெரியவில்லை.

சாயங்காலம் அடுப்பில் சில்கானோ சூப் கொதித்தது. மீன்தலைகளோடு வெங்காயம், செலரித் தண்டு, தட்டிய இஞ்சி. இங்கே ஆகஸ்டுதான் குளிர்காலம். குளிர் எலும்பில் இறங்கும்போது அந்த ஆவியை முகத்தில் வாங்கினாலே பாதி உயிர் திரும்பும். நேலிதா கரண்டியால் நுரையை எடுத்துக்கொண்டே இருந்தாள். ஊறப்போட்ட இறைச்சியை முற்றத்தில் ஒஸ்வால்தோ கோத்துக்கொண்டிருந்தான். இந்தத் தடவை அவனுக்கு அவசரம், ஒருநாள் ஊற வேண்டியது ஒரு மதியம்தான் ஊறியிருந்தது. தூறலுக்குத் தார்ப்பாய் கட்டி, அதன் கீழ் ஒற்றைக் கண்ணோடு குனிந்து கரியை விசிறினான். ஃபியோரெலா வேலையிலிருந்து வந்ததும் குளியலறைக்குள் போனவள் இன்னும் வெளியே வரவில்லை.

சூப்புக்குக் கடித்துக்கொள்ள வறுத்த சோளம் வேண்டும். நேலிதா நாற்காலியில் ஏறி டப்பாவை இறக்கினாள். தூக்கும்போதே கனம் குறைந்திருப்பது தெரிந்தது. கையை விட்டுத் துழாவினாள். சோளம் விரல்களுக்கிடையில் சரிந்தது. அடிவரைக்கும் போனாள், ஓரமெல்லாம் தடவினாள். பிறகு மேசைமேல் முழுவதையும் கொட்டினாள். மஞ்சள் மணிகள் உருண்டு தரையில் விழுந்தன. பெட்டி இல்லை.

ஒஸ்வால்தோ எடுத்தானா? எடுத்திருந்தால் மதியம் அப்படிப் பேசியிருப்பானா? ஒருவேளை எடுத்ததால்தான் அப்படிப் பேசினானோ? பெட்டியைப் பார்த்துவிட்டு, அது யாருடையது என்று தெரியாமல் இரண்டு பேர் என்றானோ? அல்லது ஃபியோரெலாவா? அவள் எதற்குச் சோள டப்பாவைத் திறக்கிறாள்? அடுப்பில் சூப் பொங்கி வழிந்து தீயில் விழுந்து சீறியது. அதைக் கேட்டும் அவள் அசையவில்லை. தான் மறைத்தது தொலைந்ததா, தன் மகள் மறைத்தது வெளியே வந்ததா என்று எதுவுமே விளங்காமல் ஒரு கைப்பிடி சோளத்தை இறுக்கிக்கொண்டு நின்றாள்.

குளியலறைக் கதவு திறந்தது. ஃபியோரெலா வந்து, சத்தமில்லாமல் அடுப்பைக் குறைத்தாள். ஸ்வெட்டர் பைக்குள் இரண்டு கையையும் விட்டிருந்தாள். மேசையைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். ஆவிக்கு நடுவில் அவள் முகம் அழுததா சிரித்ததா என்று பெற்றவளுக்கே பிடிபடவில்லை.

"நேத்து சோளம் வறுத்துத் தின்னணும்போல இருந்துச்சும்மா" என்றாள்.

"உனக்கா? பல்லு?"

ஃபியோரெலா கிட்டே வந்தாள். பையிலிருந்து ஒரு கையை எடுத்து, உறை பிரிக்காத சின்னப் பொட்டலத்தை அம்மாவின் ஏப்ரன் பைக்குள் செருகினாள். "பெட்டிக்குள்ள ரெண்டு இருந்துச்சு" என்றாள். "ஒண்ணு மிச்சம்."

நேலிதா கையிலிருந்த சோளம் தரையில் கொட்டியது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். திட்ட வேண்டுமா, கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டுமா, மன்னிப்புக் கேட்க வேண்டுமா? மருந்துக்கடைப் பெண்ணிடம் சொன்ன பொய் மட்டும் நினைவில் நின்றது.

"உன்னுது என்னடி சொல்லுச்சு?" குரல் அவளுக்கே கேட்காத அளவுக்கு வந்தது.

"நீ உன்னுதைப் பாரு" என்றாள் ஃபியோரெலா. "அப்புறம் என்னுதைச் சொல்றேன்."

"ஃபியோரெலா..."

"தனியா எனக்குப் பயமா இருக்கும்மா."

நேலிதா எலுமிச்சையை அறுத்து மூன்று கோப்பையிலும் பிழிந்தாள். மகள் மல்லித்தழையைக் கிள்ளிப் போட்டாள். சூப்பை ஊற்றும்போது கரண்டி கோப்பையில் பட்டுப் பட்டுச் சத்தம் போட்டது.

"ஆறிடும், சீக்கிரம் வாங்க!" என்று முற்றத்திலிருந்து ஒஸ்வால்தோ கூப்பிட்டான்.

தார்ப்பாய்க்குக் கீழே புகையும் தூறலும் கலந்து மூக்கை அடைத்தன. வெந்தும் வேகாமலும் குச்சிகள் வரிசையாகக் கிடந்தன. ஒன்று மட்டும் ஓரம் கருகி, நெய்போல மினுங்கிக்கொண்டு தயாராக இருந்தது. ஒஸ்வால்தோ அதை எடுத்தான். வீங்கிய கண்ணிலிருந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. நல்ல கண் பெண்டாட்டியிடம் போயிற்று, மகளிடம் போயிற்று, மறுபடி பெண்டாட்டியிடம் வந்தது.

"முதல்ல யாருக்கு?" என்றான். கேலியாகக் கேட்கத்தான் நினைத்திருப்பான். குரல் அப்படி வரவில்லை.

வறுபட்ட சீரகமும் மிளகாயும் கலந்த வாசனை நேராக நேலிதாவின் வயிற்றுக்குள் இறங்கியது. வாயில் எச்சில் ஊறியது. சனிக்கிழமை போலவே கண் கலங்கியது. இது பசியா, வேறொன்றா, அவளுக்குத் தெரியவில்லை. ஏப்ரன் பையில் பொட்டலம் தொடையில் இடித்தது. யோசித்து முடிப்பதற்குள் அவள் கை தானாக நீண்டது. பக்கத்தில் ஃபியோரெலாவின் கையும் நீண்டிருந்தது.

ஒஸ்வால்தோ ஒற்றைக் குச்சியோடு இரண்டு கைகளையும் பார்த்தபடி நின்றான். இன்னொரு கையிலிருந்த சோளமட்டைத் தூரிகையிலிருந்து எண்ணெய் சொட்டுச் சொட்டாகக் கரியில் விழுந்து, விழும்போதெல்லாம் குப்பென்று பற்றி எரிந்தது.