முப்பத்தோராவது மெயில்

என் தங்கையை வீட்டில் 'புள்ளி' என்றுதான் கூப்பிடுவோம். ஏழாம் மாதத்திலேயே பிறந்து, அம்மாவின் இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அளவுக்கு இருந்தாளாம். பிற்பாடு அவள் புள்ளியியல் படிக்கப் போனதற்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தம் கிடையாது. சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அவள் தவறிப்போய் ஐந்து வருடமாகிறது. யாராவது அவளைப் பற்றிக் கேட்டால் முதலில் இந்தக் கதைதான் என் வாயில் வருகிறது, இதில் குற்றவாளி நானே என்றாலும்.

அப்போது அவள் இரண்டாம் ஆண்டு முடிக்கப்போகும் சமயம். கோடை விடுமுறையில் யாராவது ஒரு ஆராய்ச்சியாளரிடம் இரண்டு மாதம் வேலை பழக வேண்டும். அந்த அனுபவமும் அவர் தரும் சிபாரிசும் இல்லாமல் மேல்படிப்புக்கு நல்ல இடம் கிடைக்காது. முந்தைய வருடம் அறுபது பேருக்கு மெயில் போட்டிருந்தாள். கிணற்றில் கல்லைப் போட்டால்கூட 'தொபுக்' என்று ஒரு சத்தம் வரும். இதில் அதுவும் வரவில்லை. இந்த விடுமுறையை விட்டால் அடுத்தது கிடையாது.

வேறு பிள்ளையாக இருந்தால் மூலையில் உட்கார்ந்து அழுதிருக்கும். இவள் பரிசோதனை ஆரம்பித்தாள்.

இரண்டு வகைக் கடிதம். ஒன்று நீளமானது: பணிவான வணக்கம், மதிப்பெண்கள், வாங்கிய சான்றிதழ்கள், 'தங்கள் மேலான வழிகாட்டுதல்'. இன்னொன்று ஐந்தே வரி: நான் இன்னார், உங்கள் கட்டுரை படித்தேன், எனக்கு ஒரு கேள்வி. நாற்பது பேர் பட்டியல். யாருக்கு எந்தக் கடிதம் என்பதைக் காசு சுண்டித் தீர்மானிப்பது. எந்தக் கடிதத்துக்குப் பதில் அதிகம் வருகிறது என்று பார்த்தால் தன் வகுப்பில் எல்லோருக்கும் உதவும் என்றாள்.

சமையலறைத் தரையில் உட்கார்ந்து சுண்டினோம். அவள் சுண்ட, அம்மா தலையா பூவா சொல்ல, நான் எழுதினேன். முப்பது வரை சிரிப்பும் கிண்டலுமாகப் போயிற்று. முப்பத்தொன்றாவது, அரசு ஆஸ்பத்திரியில் குறைமாதக் குழந்தைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற டாக்டரம்மா. அவர் கட்டுரையைப் புள்ளி மூன்று மாதமாகத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கியவள். அவரிடம் கேட்க உண்மையாகவே ஒரு கேள்வி வைத்திருந்தாள்.

காசு விழுந்தது. நீளக் கடிதம்.

"இன்னொரு தடவை சுண்டுடி," என்றாள் அம்மா.

"அதுக்குப் பேரு சுண்டறது இல்லம்மா. கெஞ்சறது."

"ஒரே ஒரு தடவை. யாருக்குத் தெரியப்போவுது?"

அம்மா துணித் தொழிற்சாலையில் தையல் சரிபார்க்கிறவள். ஒவ்வொரு இருபதாவது சட்டையையும் எடுத்துப் பிரித்துப் பார்ப்பது அவள் வேலை. புள்ளி அங்கேயே பிடித்தாள்.

"இருபதாவது சட்டை கிழிஞ்சிருந்தா, அதை மறைச்சிட்டு இருபத்தொண்ணாவதை எடுத்துப்பியா?"

"சட்டையும் நீயும் ஒண்ணாடி?"

"கணக்குக்கு ஒண்ணுதான்."

அம்மா வாய்க்குள் ஏதோ திட்டிக்கொண்டே எழுந்து போனாள்.

வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. கல்லூரி வாசலில் இருக்கும் என் ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து நாற்பதையும் தட்டச்சு செய்து வைத்தாள். எல்லாம் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஒன்றாகப் போக வேண்டும், நேரம் மாறினால் அதுவும் கணக்கைக் கெடுக்கும் என்றாள். அந்த நேரத்தில் அவளுக்குப் பரீட்சை. அனுப்புகிற பொறுப்பு என்னிடம் வந்தது.

முப்பது மெயிலை ஒழுங்காக அனுப்பினேன். முப்பத்தொன்றாவதில் 'தங்கள் மேலான வழிகாட்டுதல்' என்று படித்ததும் கை நின்றுவிட்டது. அவள் நோட்டு மேசையிலேயே இருந்தது. அந்தக் கேள்வியைத் தேடி எடுத்தேன். 'மூன்றாம் வாரத்தில் குழந்தைகளின் சராசரி எடை திடீரென்று கூடுகிறதே, அதற்குள் இறந்துபோன குழந்தைகள் கணக்கிலிருந்து விழுந்துவிட்டதால்தானா?' பெரிய கடிதத்தை அழித்துவிட்டு ஐந்து வரிக் கடிதத்தில் இதைப் போட்டு அனுப்பினேன். மிச்சம் ஒன்பதும் ஒழுங்காகவே போயின.

இரண்டு வாரத்தில் ஆறு பேர் 'இடமில்லை, வாழ்த்துகள்' என்று எழுதினார்கள். ஏழாவதாக வந்த பதில், 'வியாழக்கிழமை நேரில் வரவும்.' டாக்டரம்மா.

புள்ளி கடையிலேயே குதித்தாள். பிரதி எடுக்க நின்றிருந்த ஒரு அம்மாள் பயந்து ஒதுங்கினாள். பிறகு புள்ளி, பதிலுக்குக் கீழே இருந்த தன் கடிதத்தைப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே நின்றது.

"இதை யாரு அனுப்புனது?"

பொய் சொல்லிப் பார்க்கலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். அவளிடம் அது நடக்காது.

"மனசு கேக்கலை, புள்ளி."

"உன் மனசை யாரு கேட்டா?"

மூன்று நாள் என்னோடு பேச்சு இல்லை. சாப்பிடக் கூப்பிடுவதுகூட அம்மா வழியாகத்தான். "அந்தத் தடியனை வரச்சொல்லும்மா." நான்காம் நாள், டாக்டரம்மாவிடம் உள்ளதைச் சொல்லிவிடப்போவதாக அறிவித்தாள். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "வலிய வர்றதைக் காலால எட்டி உதைக்காதேடி! இது போனா வேற எது இருக்கு?"

"வேற எதுவும் இல்லைதான். ஆனா சொல்லணும். நீயும் வாண்ணா, நீதானே செஞ்சே."

ஆஸ்பத்திரியின் நான்காவது மாடியில், பதிவேடுகள் கூரை வரை அடுக்கிய சின்ன அறை. டாக்டரம்மா உட்காரச் சொல்வதற்குள் புள்ளி ஆரம்பித்துவிட்டாள்.

"டாக்டர், அந்த மெயிலை நான் அனுப்பலை. இவர் என் அண்ணன். இவர்தான் மாத்தி அனுப்பிட்டார். கேள்வி என்னோடது. ஆனா உங்களுக்கு வரவேண்டியது இது." நீளக் கடிதத்தை மேசையில் வைத்தாள். காசு சுண்டியது, பட்டியல், வந்த பதில்கள் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னாள்.

டாக்டரம்மா கடிதத்தை இரண்டு வரி படித்துக் கீழே வைத்தார். "இது வந்திருந்தா உன்னைக் கூப்பிட்டிருக்கமாட்டேன்."

புள்ளி தலையாட்டினாள். எழுந்திருக்கத் தயாரானாள்.

"உட்காரு. உங்க அண்ணன் மாதிரி எங்கிட்ட பதினாலு பேர் வேலை செய்யறாங்க." என்னைப் பார்த்தார். "நர்சுங்க. குறைமாதக் குழந்தைக்கு ஒரு புது சிகிச்சையைச் சோதிக்கிறோம். யாருக்குப் புதுசு, யாருக்குப் பழசுன்னு சீட்டு எழுதிக் குலுக்கி, உறையில போட்டு ஒட்டி, வரிசையா வெச்சிருக்கோம். குழந்தை வந்ததும் அடுத்த உறையைப் பிரிக்கணும். இவங்க என்ன பண்றாங்க? விளக்குல பிடிச்சு உள்ளே பார்த்துடறாங்க. ரொம்பச் சின்னக் குழந்தைன்னா புதுசு வர்ற உறையா பார்த்து உருவிடறாங்க. கேட்டா, மனசு கேக்கலையாம்."

நான் தரையைப் பார்த்தேன்.

"எந்தெந்த உறை வரிசை மாறிப் பிரிஞ்சதுன்னு பதிவேட்டுல தேடிக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு ஆள் வேணும். பாசத்துக்கு மசியாத ஆள். திங்கட்கிழமை வர்றியா?"

புள்ளி வாய் திறப்பதற்குள் நானே "வருவா டாக்டர்" என்றேன். அதற்கும் முறைத்தாள்.

அன்று மத்தியானமே கடைக்கு வந்து, நோட்டை விரித்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

"மெயிலை மாத்தறதுன்னு எப்போ முடிவு பண்ணே?"

"அந்த மெயிலைத் திறந்தப்ப."

"அதுக்கு முன்னாடி எதையாவது மாத்தினியா?"

"இல்ல."

"அதுக்கப்புறம்?"

"இல்ல. சொல்லப்போனா அப்புறம்தான் ரொம்ப ஒழுங்கா இருந்தேன்."

"ம்," என்று எழுதிக்கொண்டாள். "மறுபடியும் அப்படி ஒரு நிலைமை வந்தா?"

"செய்வேன்."

நிமிர்ந்து பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். "திருந்தாத ஜென்மம்," என்றாள், ஆனால் சிரித்துக்கொண்டே. "உங்களையெல்லாம் மாத்த முடியாது. உறையைத்தான் மாத்தணும். வெளிச்சம் போகாத தாள் வெச்சிருக்கியா?"

அலமாரியிலிருந்து மாதிரித் தாள்களை எடுத்துப்போட்டேன். ஒவ்வொன்றாக வாசல் வெளிச்சத்தில் பிடித்தோம், அவள் ஒரு முனை, நான் ஒரு முனை. பின்னால் அவள் விரலை வைத்து ஆட்டுவாள். நான் தெரிகிறதா இல்லையா என்று சொல்ல வேண்டும். நாலாவது தாளில் தெரியவில்லை என்றேன். அவள் நம்பாமல், என்னை அந்தப் பக்கம் நிற்கவைத்து, தானே வந்து பார்த்தாள்.