வாயைக் கட்டச் சொன்னவர்கள்

வியாழக்கிழமைதோறும் வேலைக்குப் போகும் வழியில் அவர் மருத்துவமனையில் எடை பார்த்துக்கொள்ள வேண்டும். அன்றும் நர்ஸ் எடைக்கருவியைக் காலால் அவர் முன்னால் தள்ளினாள். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றார். நூற்று முப்பத்தெட்டு கிலோ. வரிசையில் பின்னால் நின்ற யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது அவர் காதில் விழுந்தது.

பத்தொன்பது வருடமாக நகரப் பேருந்து ஓட்டுபவர். டெப்போவில் அவருக்கு ‘மாடி பஸ்’ என்று பெயர். கூப்பிட்டால் அவரும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பார். சிரிக்காவிட்டால் இன்னும் நாலு பேர் கூப்பிடுவார்கள்.

தூக்கம்தான் அவரை வதைத்தது. படுத்தால் தொண்டை அடைத்து மூச்சு நின்றுவிடும், திடுக்கிட்டு எழுவார். பகலெல்லாம் கண் செருகும். மூச்சுக்கு வைத்துக்கொள்ளும் முகமூடியும் ஒத்துவரவில்லை.

“இது சோம்பேறித்தனம் இல்லை. கழுத்துக் கொழுப்பு மூச்சுக்குழாயை அமுக்குது. வாரம் ஒரு ஊசி போட்டா எடை குறையும், மூச்சும் சீராகும்” என்றார் டாக்டர்.

ஊசியின் விலை அவர் சம்பளத்துக்கு எட்டாது. நிர்வாகம் எடுத்துக் கொடுத்திருந்த மருத்துவக் காப்பீட்டில் விண்ணப்பித்தார். ஆறு மாதம் சாப்பாட்டைக் குறைத்துப் பார்த்ததற்கு ஆதாரம் காட்டினால் பரிசீலிப்பதாகப் பதில் வந்தது. அதற்காகத்தான் அந்த வியாழக்கிழமைகள்.

மனைவிக்கு இந்த ஊசி விவகாரமே பிடிக்கவில்லை. “வாயைக் கட்டினா எதுக்குங்க ஊசி? வெளியே தெரிஞ்சா சிரிப்பா சிரிப்பாங்க” என்றாள். அவர் தட்டைப் பார்த்தபடி தலையாட்டினார்.

ஆறு மாதம் அரைவயிறு. அவர் சாப்பிட்டதையெல்லாம் அவளே நோட்டில் எழுதி வைத்தாள். ஐந்து கிலோ குறைந்தது. நோட்டை அனுப்பினார்கள். ‘மருந்தில்லாமலே எடை குறைந்து வருவதால் மருந்து அவசியமில்லை’ என்று கடிதம் வந்தது.

“குறையாம இருந்திருந்தா குடுத்திருப்பீங்களாம்மா?” என்று அவர் காப்பீட்டு அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கேட்டார்.

“அப்ப நீங்க சரியா முயற்சி பண்ணலைன்னு அர்த்தம் சார்” என்றது ஒரு பெண்குரல், மரியாதையாகவே.

மூன்றே மாதத்தில் போன எடை துணைக்கு ஆளைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தது.

ஒருநாள் நண்பகல். சிக்னலில் நின்றவருக்குக் கண் செருகியது. கால் பிரேக்கிலிருந்து நழுவ, பேருந்து மெல்ல உருண்டு ஓரமாக இருந்த நிழற்குடைத் தூணில் மோதியது. நிழற்குடைக்குள்ளே கைக்குழந்தையோடு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். தூண் அவளுக்கு இரண்டடி தள்ளிச் சாய்ந்தது. கீறல்கூட இல்லை. ஆனால் அவள் போட்ட அலறலில்தான் அவருக்குத் தூக்கம் முழுதாகக் கலைந்தது.

“பிரேக் பிடிக்கலைன்னு எழுதிடலாம்ணே. நான் பாத்துக்கறேன்” என்றான் டெப்போ மெக்கானிக்.

“பிரேக் நல்லாத்தான் இருக்கு தம்பி. நான்தான் தூங்கிட்டேன்.” அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மாதக் கடைசியோடு ஓட்டுநர் வேலை போகும் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. காப்பீடும் கூடவே போகும். அதற்குள் மேல்முறையீடு செய்யக் கணவனும் மனைவியும் காப்பீட்டு அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கே கைப்பிடி வைத்த நாற்காலிகள்தான் இருந்தன. அவற்றில் அவர் உடம்பு கொள்ளாது. நின்றுகொண்டே இருந்தார்.

அதிகாரி டாக்டரின் கடிதத்தைப் பாதிவரை படித்தார். “உடம்பு இளைக்கறது அழகு சம்பந்தப்பட்டதும்மா. அதுக்கு நாங்க குடுக்கறதில்லை.” பிறகு அவளைப் பார்த்துச் சிரித்தார். “ஊசியெல்லாம் எதுக்கு? நீங்க வீட்டுல அளவா போடுங்க, சார் கொஞ்சம் வாயைக் கட்டட்டும்!”

அவள் சொல்லிச் சொல்லிப் பழகிய வார்த்தைகள். இன்னொருவர் வாயிலிருந்து வந்தபோது ஈட்டியாகக் குத்தின. கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார். அது சம்மதமில்லை, அவமானம் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

அதிகாரி கோப்பில் ‘நிராகரிக்கப்பட்டது’ என்று முத்திரை குத்தினார். அடுத்த மாதத்திலிருந்து கணவர் டெப்போவில் தினக்கூலிக்கு வண்டி கழுவப் போகிறார். அந்த வேலைக்குக் காப்பீடு கிடையாது.

“வாம்மா, போலாம்” என்றார் அவர்.

அவள் நகரவில்லை.

“உங்களை மட்டும் குத்தம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை சார். இத்தனை வருஷமா வீட்டுல நானும் இதைத்தான் பேசினேன். கண்ணு மங்கினவங்களுக்குக் கண்ணாடி வாங்கித் தர்றோம், உத்துப் பாருன்னு திட்டறதில்லை. உடம்பு பெருத்தா மட்டும் அதை வியாதியா பாக்காம, அவங்க செஞ்ச தப்பா பாக்கறோம். தப்புன்னு முடிவு பண்ணிட்டா, மருந்து குடுக்க யாருக்கு சார் மனசு வரும்?”