புதன்கிழமை மழை

“புதன்கிழமை மழை எத்தின மணிக்குப் புள்ள வந்திச்சு?”

வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பரீதா ராத்தா கேட்டார். மழை பெய்த அன்றைக்கு அவர் கிண்ணியாவில் மகள் வீட்டில் நின்றவர். எனக்கு நேரம் தெரியும், ஆனால் வாய் வரவில்லை. யாராவது கேள்வி கேட்டால் குரல் அடைத்துவிடும். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதும் இதனால்தான். எழுதத்தான் வரும். நெல் மூடைக்குப் பின்னால் நான் எழுதுகிற கொப்பி இருப்பது ஒருவருக்கும் தெரியாது.

எங்கள் வயலுக்குக் கீழே, வாய்க்காலோரம் ராத்தாவின் கங்குன் பாத்தி. மூதூர்ச் சந்தைக்குப் போகிற கீரை. தண்டெல்லாம் முறுகி மஞ்சளாகிக் கிடந்தது.

“நஸ்ரிதான் நஞ்சடிச்சிருக்கான். காணிச் சண்டையில என்ர கொழுந்தன் எதுவும் செய்வான்.”

“ஓம், அவன் செய்யக்கூடிய ஆள்தான்,” என்றார் அப்பா. அப்பா ஒருவரையும் அப்படிக் கதைக்கிறவர் இல்லை.

ராத்தா அவரை ஒருமாதிரிப் பார்த்தார். “நீங்க புல்லுக்கு எப்ப மருந்து அடிச்சீங்க, குலசிங்கம் அண்ணன்?”

“ஞாயிறு. மூண்டு நாள் நல்லாக் காய்ஞ்ச பிறகுதான் மழை.”

உள்ளே போய்க் கொப்பியைப் பார்த்தேன். மழையை நான் ஒருநாளும் எழுதாமல் விடுவதில்லை.

புதன். காலை பத்து: அப்பா களைநாசினி அடித்தார். இரண்டு மணி: பெருமழை. மூன்றரை: முளை அழுகிவிடும் என்று வரம்பில் வக்கடை வெட்டித் தண்ணீரை வாய்க்காலுக்கு இறக்கினார்.

அடித்தால் மூன்று நாளைக்கு வக்கடை திறக்கக் கூடாது; மருந்து தண்ணீரோடு கீழே போய்விடும். அது எனக்கே தெரியும்.

அடுத்த நாள் காலை ராத்தா பொலிசுக்குப் போகிற வழியில் வந்தார். அப்பா புதுச் சேட்டுப் போட்டுக்கொண்டு நின்றார்.

“நானும் வாறன். நஸ்ரி நஞ்சடிக்கிற மெசினோட அங்கால போனதைக் கண்டனான் எண்டு சொல்லுறன்.”

நஸ்ரி அந்தக் கிழமை முழுக்க ஊரிலேயே இல்லை. நான் கொப்பியை ராத்தாவிடம் நீட்டினேன்.

அவர் விரலை வைத்து மெதுவாக வாசித்தார். இரண்டாம் தரமும் வாசித்தார். பிறகு வாய்விட்டு, “இரண்டு மணி. மூன்றரை,” என்றார். என்னைப் பார்த்தார்.

“வாய் பேசாத புள்ள, எவ்வளவு கதைச்சிருக்கா! என்னப் பத்தியும் இதில இருக்கா?”

நான் தலையைக் குனிந்தேன். அவர் பக்கத்தைப் புரட்டினார்.

அப்பா சேட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டார். மண்வெட்டியை எடுத்தார். எங்கள் இரண்டு பேரையும் பார்க்காமல், படலையைத் திறந்து வயல் பக்கம் போனார்.